ஆமையும் முக்கால் பக்கெட் தண்ணியும்

போன ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி இருக்கும். காபி குடிச்சிட்டு பேப்பரைப் பிரிச்சேன், காலிங் பெல். மேல் வீட்டுப் பையன் நிக்கறான். ஆறாங்கிளாஸ். கையில ஒரு பிளாஸ்டிக் பக்கெட், முக்கால்வாசி தண்ணி.

"மாமா, இதுக்கு நீச்சலே தெரியல மாமா. அடியிலயே நிக்குது. சின்னதா இருக்கறதால இன்னும் கத்துக்கலையோ?"

எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகல ஓடு. கறுப்புல மஞ்சள் கோடு கோடா, நட்சத்திரம் மாதிரி. பக்கெட்டோட அடியில நாலு காலையும் ஊனி, தலையை மேல தூக்கிக்கிட்டு நிக்குது. மூக்குலேர்ந்து ஒரு சின்ன குமிழி.

கையை விட்டு வெளியில எடுத்துட்டேன். நான் போட்ட சத்தத்துல வீட்டம்மா அடுப்பை அணைக்காம ஓடி வந்துட்டாங்க. பையன் மிரண்டுட்டான். அவன் மேல எனக்குக் கோவமே இல்லை. அந்த சத்தம் நாப்பது வருஷத்துக்கு மேல பழைய சத்தம். அதுக்கு ஒரு கொசுவத்தி சுத்தணும். அப்படியே கொஞ்சம் சரித்திரமும் பேசலாம். கொஞ்சம் பெரிய பதிவுதான், பொறுத்துக்கோங்க மக்களே :-)

ஒரு கிணறு, ஒரு வாளி

1979-ன்னு ஞாபகம். குரோம்பேட்டை அப்போ பாதி ஊர், பாதி வயல். மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் ட்ரெயின் ஓடிக்கிட்டிருந்த காலம். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினா ஏரி, ஏரியைத் தாண்டினா கருவேலமும் கள்ளியும். எங்க வீட்டுல பின்பக்கம் ஒரு உறைக்கிணறு. ராட்டினம், தாம்புக்கயிறு, வாளி எல்லாம் உண்டு.

அப்பாவோட ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சித்தூர் பக்கம் போய்ட்டு வரும்போது ஒரு நட்சத்திர ஆமையை அட்டைப்பெட்டியில வெச்சுக் கொண்டாந்து குடுத்தார். "பசங்க விளையாடட்டும் சார்." வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லயே வந்தாச்சு. ஆனா எங்க தெருவுல அதைக் கேள்விப்பட்டவங்க யாருமே இல்லை.

பாட்டி மட்டும் முகத்தைச் சுளிச்சாங்க. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. மூணு நாள் அந்த ஆமை முற்றத்துல சுத்திச்சு. அருகம்புல் தின்னுச்சு, கீரைத்தண்டு தின்னுச்சு. நாலாவது நாள் பாட்டியோட நச்சரிப்பு தாங்காம அப்பா, "எங்கயாவது கொண்டு விட்டுடலாம்டா"ன்னு சொல்லிட்டார்.

எனக்கு அதை அனுப்ப மனசில்லை. பாட்டியோட கிராமத்துக் கிணத்துல ஒரு கறுப்பு ஆமை உண்டு. கிணத்துல ஆமை விட்டா பூச்சி புழுவைத் தின்னு தண்ணியை சுத்தமா வெச்சுக்கும்னு ஒரு பழக்கம், நிறைய ஊர்ல இருந்தது. லீவுக்குப் போறப்பல்லாம் நான் அதை எட்டிப் பார்த்திருக்கேன். வருஷா வருஷம் அது அங்கேயே ஜாலியா நீந்திக்கிட்டிருக்கும். அதனால எனக்கு ஒரு யோசனை. வீட்டுக்குள்ள இருந்தாதானே பாட்டிக்கு ஆகாது? கிணத்துல விட்டுட்டா?

மத்தியானம் எல்லாரும் தூங்கினப்புறம் வாளியில வெச்சு, அடிபடக்கூடாதுன்னு மெதுவா இறக்கினேன். வாளி சாஞ்சதும் அது தண்ணியில வழுக்கி இறங்கிச்சு. கொஞ்ச நேரம் காலை அடிச்சுக்கிட்டு மேலயே இருந்தது, தலை வெளியில தெரிஞ்சுது. நீந்துதுன்னு நினைச்சேன். கையைத் தட்டினேன்னு கூட ஞாபகம். அப்புறம் உள்ள போயிடுச்சு. கிராமத்து ஆமையும் அப்படித்தானே முங்கும்... சந்தோஷமா போய்ப் படுத்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு தண்ணி சேந்தப் போன அம்மாதான் பார்த்தாங்க. மிதந்துச்சு.

யாரும் திட்டலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது. அப்பா கிணறு இறைக்க ஆள் கூப்பிட்டார். பாட்டி மட்டும், "தண்ணியில இருக்கறது தண்ணியில எப்படிடா சாகும்?"னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் இந்தப் பதிவு.

ஒரே பேர்ல ஒன்பது பேர்

குழப்பத்துல முதல் பங்கு நம்ம பேச்சு வழக்குக்குத்தான். நிலத்துல நடக்கறதும் ஆமை, குளத்துல நீந்தறதும் ஆமை, கடல்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போறதும் ஆமை.

கடற்கரைக்காரங்க இந்தத் தப்பைப் பண்ணலை. அவங்களுக்குப் பேராமை வேற, அழுங்காமை வேற, ஏழுவரி ஆமை வேற. நம்ம பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் கரையேறி முட்டை போடறது பங்குனி ஆமை. அன்னாடம் பார்க்கறவங்க பேர் வெச்சுப் பிரிச்சிருக்காங்க. உள்நாட்டுக்காரங்க நாம குளத்துல இருக்கற பால் ஆமைக்கு ஒரு பேர் குடுத்ததோட சரி, மத்ததெல்லாம் பொத்தாம்பொதுவா ஆமை.

புராணமும் தண்ணிப் பக்கமே தள்ளுது. கூர்மாவதாரம் மந்தர மலையைத் தாங்கினது பாற்கடல்ல. நம்ம லைன்லயே சிங்கபெருமாள் கோயில் பக்கத்துல திருக்கச்சூர் இருக்கு, காஞ்சிபுரத்துல கச்சபேஸ்வரர் இருக்கார். ரெண்டு இடத்துலயும் பெருமாள் ஆமையா வந்து சிவனைக் கும்பிட்டதா தலபுராணம். கச்சபம்னா ஆமை. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் பக்கம் ஸ்ரீகூர்மம்னு ஒரு கோயில். அங்கே பெருமாளே ஆமை வடிவம்தான். ஆனா அந்தக் கோயில் வளாகத்துல வளர்றது நட்சத்திர ஆமைங்க. அதாவது சாமி தண்ணி ஆமை, பிராகாரத்துல இருக்கறது தரை ஆமை :-)

கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். காலைப் பாருங்க. கடல் ஆமைக்குத் துடுப்பு. குளத்து ஆமைக்கு விரலுக்கு நடுவுல வாத்து மாதிரி சவ்வு, ஓடும் தட்டையா இருக்கும். நட்சத்திர ஆமைக்கு யானைக்கால், ஓடு குடம் கவுத்த மாதிரி. யானைக்காலும் குடமும் நீந்தறதுக்கு இல்லைங்க, கல்லுலயும் முள்ளுலயும் நடக்கறதுக்கு.

இன்னொரு சமாச்சாரம் உள்ள இருக்கு. ஆமையோட நுரையீரல் முதுகு ஓட்டுக்கு அடியில ஒட்டி இருக்கு. விலா எலும்பு ஓட்டோட சேர்ந்து இறுகிப் போனதால நம்மள மாதிரி நெஞ்சு விரிச்சு மூச்சு விட முடியாது. உள் தசைகளை அசைச்சுத்தான் காத்தை இழுக்கணும். பயந்து தலையையும் காலையும் உள்ள இழுத்துக்கிட்டா, அந்த இடத்துக்காக நுரையீரல் நசுங்கி காத்து வெளியில போயிடும். தரையில பிரச்சனை இல்லை. தண்ணியில? மிதக்கறதுக்கு உதவறதே அந்தக் காத்துதான். பயப்படப் பயப்பட முழுகும்.

பாட்டிக்கு பதில் இவ்வளவுதான். அது தண்ணியில இருக்கறதே இல்லை.

அண்டாவுல ஆமை விட்ட பாதிரியார்

நான் பண்ணினதை எனக்கு இருநூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் பண்ணியிருக்கார்னு பின்னாடி படிச்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்தது.

கில்பர்ட் வைட். இங்கிலாந்துல செல்போர்ன்ங்கற கிராமத்துப் பாதிரியார். தோட்டம், பறவை, புழு, மழை எல்லாத்தையும் தினம் குறிச்சு வெச்சவர். அவரோட அத்தை ஒருத்தங்க ரொம்ப வருஷம் ஒரு தரை ஆமை வளர்த்தாங்க. பேர் டிமதி. அத்தை செத்துப் போனதும் 1780-ல அது வைட் கிட்ட வந்து சேர்ந்தது. அந்த வருஷமே அவருக்கும் அந்த சந்தேகம் வந்துடுச்சு. இது தண்ணியில இருக்குமா?

ஒரு தொட்டித் தண்ணியில விட்டுப் பார்த்தார். டிமதி மெல்ல முழுகி, அடியில போய் நடந்திருக்கு. தனக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல மாட்டின மாதிரி ரொம்பவே அரண்டு போச்சுன்னு குறிச்சிருக்கார். ஆக, இது நீர்வாழ் ஜாதி இல்லைன்னு முடிவு பண்ணிட்டார்.

வித்தியாசம் என்னன்னா, அவர் தொட்டி ஓரத்துலயே நின்னு பார்த்திருக்கார். நான் வாளியை மேல இழுத்துட்டு தூங்கப் போயிட்டேன்.

(ஒரு கொசுறு: அந்த டிமதி உண்மையில பொண்ணு. செத்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு.)

அப்போ தண்ணியே வேண்டாமா?

இங்கதான் கதை திரும்புது. தரை ஆமைக்குத் தண்ணி ஆகாதுன்னு முடிவு பண்ணினா அதுவும் தப்பு.

1835-ல சார்லஸ் டார்வின் கலாபகஸ் தீவுகளுக்குப் போனப்போ ராட்சச ஆமைகளைப் பார்க்கறார். கடலோரத்துல வறண்ட நிலம், நடுவுல உயரமான இடத்துல மட்டும் ஊத்து. கீழேர்ந்து ஊத்து வரைக்கும் அகலமா பாதை போட்டு வெச்சிருக்கு, யார்? ஆமைங்கதான். காலங்காலமா நடந்து நடந்து தேஞ்ச பாதை. அந்தப் பாதையைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த்தான் ஸ்பானியர்கள் அங்க தண்ணி இருக்கற இடத்தையே கண்டுபிடிச்சாங்களாம்.

ஊத்துக்கு வந்த ஆமை கண்ணு முழுகற அளவுக்குத் தலையைத் தண்ணிக்குள்ள விட்டு மடக் மடக்குனு குடிக்கும். நிமிஷத்துக்குப் பத்து வாய்னு டார்வின் எண்ணியிருக்கார். மூணு நாலு நாள் அங்கேயே இருந்து குடிச்சுட்டுத் திரும்பிப் போகும். குடிச்சது எங்க போகுதுன்னா, சிறுநீர்ப்பைக்கு. அதுதான் ஆமையோட தண்ணீர் டேங்க். தீவுக்காரங்க தாகத்துக்கு வழியில்லைன்னா ஆமையைக் கொன்னு அந்தத் தண்ணியைக் குடிப்பாங்களாம். டார்வினும் ஒரு வாய் ருசி பார்த்து, லேசா கசப்புன்னு எழுதி வெச்சிருக்கார். உவ்வே... ஆனாலும் மனுஷன் மனுஷன்தான்.

கலாபகஸ் நமக்கு ரொம்ப தூரம். நம்ம நட்சத்திர ஆமைக்கு வருவோம்.

1837-ல தாமஸ் ஹட்டன்னு ஒரு ராணுவ அதிகாரி, வங்காள ஆசியச் சங்கத்தோட இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். மேற்கு இந்தியாவுல இருந்தப்போ சில நட்சத்திர ஆமைகளை ஒரு அடைப்புல வெச்சு வளர்த்தவர் அவர். வெயில் காலத்துல பகல் பூரா புல்லுக்கு அடியில அசையாம கிடந்துட்டு, பொழுது சாயற நேரம் வெளியில வருமாம். அடைப்புல வெச்சிருந்த தண்ணித் தொட்டியில தானாவே இறங்கி அரைமணி நேரம் வரைக்கும் கிடக்குமாம். தலையை உள்ள விட்டு மடக் மடக்குனு நிறைய குடிக்குமாம்.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரலை. தானா இறங்கிச்சு, தானா ஏறிச்சு. ஆழம் குறைச்சல். ஏறி வர வழி இருந்தது. அவ்வளவுதான் விஷயம். என் கிணத்துல இல்லாதது அந்த வழிதான்.

நம்ம ஊர் கணக்குப்படியும் இது சரியாத்தான் இருக்கு. கிண்டி காடு மாதிரி முள்ளுக்காடுகள்தான் இந்த ஆமையோட இயல்பான இடம். பல மாசம் காஞ்சு கிடக்கும், அப்புறம் வடகிழக்குப் பருவமழை. மழை வந்தாதான் இதுங்க சுறுசுறுப்பா வெளியில வரும், குழியில தேங்கின தண்ணியைக் குடிச்சு டேங்கை ரொப்பிக்கும். அப்புறம் மாசக்கணக்குல அதை வெச்சு ஓட்டும். கழிவை முடிஞ்ச வரைக்கும் தண்ணி சேர்க்காம வெள்ளைப் பசை மாதிரி வெளியேத்தும். அதனாலதான் காட்டுல பார்த்தா சட்டுனு கையில தூக்கக்கூடாது. பயந்துட்டா டேங்கைக் காலி பண்ணிடும். நாம "சீ, மூத்திரம் போயிடுச்சு"ன்னு சிரிப்போம். அதுக்கு அது கோடைக்கால சேமிப்பு.

இந்த டேங்க்தான் பெரிய ஆமைகளுக்கு எமனாவும் போச்சு. தீனி, தண்ணி இல்லாம மாசக்கணக்குல உயிரோட இருக்கும்ங்கறதால கப்பல்காரங்க அதுங்களைக் கறிக்காக அடுக்கி வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில 2006 மார்ச்ல செத்துப் போன அத்வைதாங்கற அல்டாப்ரா ஆமை, ராபர்ட் கிளைவ் கிட்ட இருந்ததுன்னு சொல்வாங்க.

நீந்தத் தெரியாதது கடல் தாண்டின கதை

"தரை ஆமை முழுகும்"னு ஒரே போடா போட்டுட முடியாது. 2004 டிசம்பர், நமக்கு சுனாமி வந்த அதே மாசம். சுனாமிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ஆப்பிரிக்காவுல தான்சானியா கடற்கரையில கிம்பிஜிங்கற இடத்துல ஒரு அல்டாப்ரா ராட்சச ஆமை கடல்லேர்ந்து நடந்து ஏறி வந்தது. எலும்பும் தோலுமா இருந்தது. கால்லயும் ஓட்டு அடியிலயும் கடல் சிப்பி மாதிரியான கொட்டலசு முளைச்சிருந்தது. அது வளர்ந்திருந்த அளவை வெச்சு வாரக்கணக்குல தண்ணியில இருந்திருக்குன்னு சொன்னாங்க. அல்டாப்ரா தீவு அங்கேர்ந்து சுமார் 740 கிலோமீட்டர்.

அது நீந்தி வரலை, மிதந்து வந்தது. பெரிய உடம்பு, பெரிய நுரையீரல், மேல தூக்கி வெச்சுக்கக்கூடிய நீளமான கழுத்து. தீவுக்குத் தீவு ராட்சச ஆமைங்க பரவினது இப்படித்தான்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்ததுக்கு கண்ணால பார்த்த சாட்சி அது.

அல்டாப்ரா ஆமையைப் பார்க்க ஆசையா? ரொம்ப தூரம் போக வேண்டாம். ஈ.சி.ஆர்.ல வடநெம்மேலி முதலைப் பண்ணையில இருக்கு. 1976-ல ராமுலஸ் விட்டேகர் ஆரம்பிச்ச இடம். (அங்கேர்ந்தே ஒரு ஆமையைத் திருடிட்டாங்கன்னு 2022-ல செய்தி வந்தது. அவ்வளவு பெரிய ஐட்டத்தை எப்படித்தான் தூக்கினாங்களோ!)

ஆனா கவனிங்க. ராட்சச ஆமை மிதக்குதுங்கறதால உள்ளங்கை அளவு நட்சத்திர ஆமை மிதக்கும்னு ஆகாது. மிதந்தாலும் ஏறி வரக் கரை வேணும். கிணத்துக்குக் கரை ஏது?

ஊற வைக்கிறது எப்படி

குரோம்பேட்டைக்காரங்களுக்கு "ஊற வைக்கிறது" புதுசு இல்லை. நம்ம ஊர் பேரே குரோம் லெதர் ஃபாக்டரியாலதான் வந்தது. தோல் ஷாப்புல முதல் வேலையே தோலைத் தண்ணியில ஊற வெச்சு உப்பு எடுக்கறதுதான். உயிரோட இருக்கற ஆமையை ஊற வைக்கிறது வேற கலை.

மத்த நாடுகள்ல சட்டப்படி தரை ஆமை வளர்க்கறவங்களும், நம்ம ஊர்ல மீட்பு மையங்கள்ல பார்த்துக்கறவங்களும் செய்யற முறை இது:

தட்டையான, அகலமான தட்டு. பக்கெட் கூடாது, ஆழமான டப் கூடாது. தண்ணி அடி ஓடும் மேல் ஓடும் சேர்ற இடம் வரைக்கும் இருந்தா போதும். தலையைத் தூக்காமலே மூச்சு விட முடியணும். வெதுவெதுன்னு, குழந்தையைக் குளிப்பாட்டற சூடு, ஏறக்குறைய 30 டிகிரி. பதினஞ்சுலேர்ந்து இருபது நிமிஷம். குட்டின்னா அடிக்கடி, வளர்ந்ததுன்னா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. குட்டிக்குத்தான் இது ரொம்ப முக்கியம், சட்டுனு வறண்டு போயிடும்.

தண்ணியில விட்டதும் கழுத்தை நீட்டி மூஞ்சியைத் தண்ணியில வெச்சுக் குடிச்சா நல்ல சேதி. அடுத்த நிமிஷமே அதுலயே வெளிக்கும் போகும், வெள்ளைப் பசையும் வரும். அருவருப்பா இருக்கும், ஆனா அதுவும் நல்ல சேதிதான், உள்ள கல்லு கட்டலைன்னு அர்த்தம். உடனே தண்ணியை மாத்தணும், இல்லைன்னா அதையே குடிக்கும். சுவத்துல ஏறப் பார்த்து பிராண்டிக்கிட்டே இருந்தா அது விளையாட்டு இல்லை, "என்னை வெளிய எடு"ங்கறது. எடுத்துத் துடைச்சு விடணும். கண்ணை மூடிக்கிட்டுத் தலை தொங்கினா உடம்பு சரியில்லை, டாக்டர்கிட்ட போகணும்.

எல்லாத்துக்கும் மேல, பக்கத்துலயே ஆள் இருக்கணும். கவுந்து விழுந்தா ஒரு இஞ்ச் தண்ணியிலயும் செத்துப் போகும். போன் வந்தாலும் எழுந்து போகாதீங்க. அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவணும். சால்மொனெல்லாக் கிருமி ஓட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். அமெரிக்காவுல 1975-லயே நாலு இஞ்சுக்குக் குறைஞ்ச ஆமைங்களை விக்கறதுக்கே தடை போட்டாங்க, குழந்தைங்க வாயில வெச்சுக் காய்ச்சல் வந்ததால.

ஈரத்தோட மதிப்பு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. வீட்டுல வளர்ற ஆமைக்கு ஓடு கோணல்மாணலா மேடு தட்டறதை, புரதம் ஜாஸ்தியானதால வர்றதுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. 2003-ல வியன்னாவுல ஆப்பிரிக்க சல்கட்டா ஆமைக் குட்டிகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. அதுல பெரிய காரணம் காத்துல ஈரம் குறைஞ்சதுதான்னு தெரிய வந்தது, புரதத்தோட பங்கு கொஞ்சம்தான். (நட்சத்திர ஆமைக்கு இயல்பாவே ஓடு கொஞ்சம் மேடுபள்ளமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க.)

முழுகிப் போச்சுன்னா? செத்துட்டுதுன்னு சட்டுனு தூக்கிப் போட்டுடாதீங்க. தலையைக் கீழ்ப்பக்கமா சாய்ச்சுப் பிடிச்சு, கழுத்தை மெல்ல நீட்டித் தண்ணியை வடிய விடணும். முன்னங்காலை மெதுவா உள்ளயும் வெளியிலயும் அசைச்சா காத்து போகும். அப்படியே கால்நடை டாக்டர்கிட்ட ஓடணும். மூச்சு வந்தாலும் ரெண்டு நாள் கழிச்சு நிமோனியா வரலாம். 1979-ல நான் அந்த மத்தியானமே எட்டிப் பார்த்திருந்தா... சரி விடுங்க.

பக்கெட்டுக்குத் திரும்புவோம்

மேல் வீட்டுப் பையனோட ஆமை ரெண்டு நிமிஷத்துக்கு மேல தண்ணியில இல்லை. தலைகீழா சாய்ச்சப்போ ரெண்டு சொட்டு வந்தது. கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்து கையைப் பிராண்டிச்சு. அப்பாடா!

முதல் நாள் மழைக்கு அப்புறம் நெமிலிச்சேரி ஏரிப் பக்கம் ரோட்டோரமா நடந்து போச்சாம். யாரோ வளர்த்துத் தப்பிச்சதா, இல்லை வேண்டாம்னு விட்டதா தெரியாது. ஏரியில விடலாம்னு இவன் ஃபிரெண்ட் சொன்னானாம். நல்லவேளை விடலை.

அவனை உக்கார வெச்சு சட்டத்தைச் சொன்னேன். நட்சத்திர ஆமையை வீட்டுல வெச்சுக்கறதே குத்தம். 2022-ல சட்டத்தைத் திருத்தி, புலி, யானைங்க இருக்கற முதல் அட்டவணையிலயே இதையும் சேர்த்துட்டாங்க. சர்வதேச வியாபாரத்துக்கும் 2019-லேர்ந்து உச்சக்கட்டத் தடை. காரணம் இல்லாம இல்லை. ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு சேர்ற பக்கத்துல ஒரே ஒரு வியாபார மையத்துக்கு மட்டும் வருஷத்துக்கு 55,000 ஆமை காட்டுலேர்ந்து பிடிச்சு வந்ததா 2015-ல ஒரு ஆய்வு சொல்லிச்சு. நம்ம மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல சூட்கேஸ்ல டேப்பு சுத்தின ஆமைங்க பிடிபடற செய்தியை அடிக்கடி பார்த்திருப்பீங்க. குரோம்பேட்டைலேர்ந்து ரெண்டு ஸ்டேஷன்தான். தண்ணி கண்ணுல படாம அடைஞ்சு கிடந்து வர்றதுங்க அதெல்லாம். மீட்டு வந்ததும் முதல்ல குடுக்க வேண்டியது தட்டுல கொஞ்சம் தண்ணி.

அப்படியே காட்டுல கொண்டு விட்டுடவும் முடியாது. வடமேற்குல இருக்கறதும் தெற்குல இருக்கறதும் மரபணுவுல வேற வேற. நோய் இருக்கான்னு பார்க்கணும், எந்த ஊர்க்காரன்னு பார்க்கணும். மறையூர் பக்கம் சின்னாறுல அப்படி மீட்டதுங்களை வெச்சுப் பழக்கிக் காட்டுல விட்டிருக்காங்க.

வனத்துறைக்கு போன் பண்ணினேன். சாயங்காலம் ஆள் வர்றோம்னாங்க. அதுவரைக்கும் அட்டைப்பெட்டி, கீழ பேப்பர்.

மூணு மணிக்கு அது நல்லா தெளிஞ்சு பெட்டிக்குள்ள சுத்த ஆரம்பிச்சது. வீட்டம்மாகிட்ட கேட்டு ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம் வாங்கினேன். விரல் கணு அளவுக்கு வெதுவெதுன்னு தண்ணி. பையனைப் பக்கத்துல உக்கார வெச்சு, "கண்ணை எடுக்காதே"ன்னேன்.

முதல்ல சும்மா நின்னுச்சு. அப்புறம் மெல்லக் கழுத்தை நீட்டிச்சு. மூக்கு தண்ணியில பட்டுச்சு. தொண்டை ஏறி இறங்க ஆரம்பிச்சுது. மடக்... மடக்...

"மாமா, குடிக்குது மாமா! எண்ணலாமா?"

எண்ணினோம். நடுவுல எனக்கு எண்ணிக்கை விட்டுப் போச்சு. அவன் விடலை.

சாயங்காலம் வனத்துறைக்காரங்க வந்து எழுதி வாங்கிக்கிட்டு எடுத்துட்டுப் போனாங்க. பையனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அங்க யாராவது இதை பக்கெட்டுல போட்டுடுவாங்களா மாமா?"ன்னான். அவங்களுக்குத் தெரியும்டான்னேன்.

எங்க பழைய வீடு இடிச்சு அடுக்குமாடி ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. அந்தக் கிணறு இப்போ கார் பார்க்கிங் ஓரத்துல சிமெண்ட் மூடி போட்டு, மழைநீர் சேகரிப்புக் குழியா இருக்கு. மாடித் தண்ணியெல்லாம் அதுலதான் இறங்குது. மூடி ஒரு ஓரத்துல உடைஞ்சு கிடந்துச்சு, அசோசியேஷன் மீட்டிங்ல ரெண்டு தடவை சொல்லி யாரும் கண்டுக்கலை. திங்கக்கிழமை நானே கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து அடைச்சுட்டேன்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் ஆமை வாங்கக் கிளம்பிடாதீங்க. வெளிநாட்டு ஜாதி ஆமை ஏற்கெனவே வீட்டுல இருந்தா, 2024-லேர்ந்து அதைப் பதிவு பண்ணியே ஆகணும்னு விதி இருக்கான்னு பார்த்துக்கோங்க. ரோட்டுல நட்சத்திர ஆமை பார்த்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. ஏரியிலயும் விடாதீங்க, கோயில் குளத்துலயும் விடாதீங்க. கிணத்துல... வேண்டாம்ங்க.